“நிறுவுக” என்னும் சொல்

கணித வினாத்தாள் மாணாக்கரை ஏவுகின்ற சொற்கள் பல. காண்க என்பது ஒன்று. வரைக என்பது ஒன்று. சுருக்குக, தீர்க்க, காரணிப்படுத்துக என்பன வேறு சில. இவற்றிற்கெல்லாம் நம் பிள்ளைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை. விடை சரியோ பிழையோ, பேனை ஓடும். ‘நிறுவுக’ என்னும் சொல் வந்தவிடத்துத்தான் பேனை நின்றுவிடுகின்றது. வினாவுக்குரிய உருவத்தைத் துப்புரவாக வரைந்து, தரவு என்று எழுதி, நிறுவ வேண்டியது என்று எழுதி, அதன்கீழ் நிறுவல் என்று தலைப்பும் இட்டு, அதற்குக் கீழே வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிடும் பிள்ளைகளின் விடைத்தாள்களை யான் ஆண்டுதோறும் காண்கின்றேன்.

நிறு என்னும் அடிச்சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. நிலைநாட்டுதல் ஒன்று, எடை பார்த்தல் மற்றொன்று. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு இரண்டாவது பொருளே முதலிற் பழக்கமானது. கொழுந்து நிறுவை என்பது அப்பிள்ளை பேசக் கற்ற நாள் முதலாகக் கேட்டுவருஞ் சொல். பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி, “சேர், நிறுவுக என்றால் அளந்து பார்க்கச் சொல்வதுதானே?” என்று என்னிடம் ஒருமுறை வினவினாள். கோணத்தைப் பாகைமானியால் அளந்து, பக்கத்தை அடிமட்டத்தால் அளந்து, சரி என்று கண்டாற் போதும் என்பது அவள் கருத்து. அவள் சொல்லின் வேரைப் பிடித்தே வினவினாள். ஆனாலும் கணிதத்தில் அச்சொல் வேண்டுவது வேறொன்று. அந்த வேறுபாட்டைப் பற்றியதே இன்றைய பேச்சு.

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும் சேர்ந்தது சப்ரகமுவ மாகாணம். மலையகத் தோட்டங்கள் என்றவுடன் நுவரெலியாவையும் ஹட்டனையும் நினைப்பவர் பலர். இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்னும் ஊர்களைச் சூழ்ந்தும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இங்கே மேட்டில் தேயிலை, தாழ்வில் இறப்பர். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தமிழ்ப் பாடசாலைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தும் சட்டம் 1907இலேயே பிறந்தது. எனினும் அதனால் எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கற்பித்து அவ்வளவில் நின்றவையே. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். ஆகவே இப்பகுதியில் யூக்கிளிட்டின் கேத்திரகணிதத்தோடு முட்டிமோதும் பிள்ளைகளுட் பலர், தம் குடும்பத்தில் அதனைக் கண்ணுற்ற முதல் தலைமுறையினர் அல்லது இரண்டாந் தலைமுறையினர். வீட்டில் கேட்டறிய ஆளில்லை. தமிழ்மொழி மூலம் கணிதங் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியரோ அரியர். யான் கலைப் பட்டதாரி. கணித ஆசிரியர் இல்லாத ஆண்டுகளில், வகுப்பு வெறுமையாயிருத்தல் ஆகாதென்று அதிபராகிய யானே சுண்ணக்கட்டியை எடுக்க நேர்ந்தது. அதனால், கணித வல்லுநர் பேச்சாக இதனைக் கொள்ள வேண்டா. இலக்கியம் படித்த ஒருவன் கேத்திரகணித வகுப்பில் நின்று கண்டவற்றைச் சொல்கின்றேன்.

பிள்ளைகள் நிறுவல் என்பதை எதுவென்று எண்ணுகின்றனர்? அவர்களை அன்போடு பேசவைத்தால் மறைக்காமற் சொல்லிவிடுவர். ஒரு சாரார்க்கு நிறுவல் என்பது அளவீடு. ஒரு முக்கோணியின் அகக் கோணங்கள் மூன்றையும் அளந்து கூட்டுவர். ஒருவனுக்கு 179 பாகை வரும். மற்றொருவனுக்கு 181 வரும். நாங்கள் 180 என்று திருத்திவிடுவோம். காகித முக்கோணியின் மூன்று மூலைகளைக் கிழித்து ஒரு நேர்கோட்டில் அடுக்கிக் காட்டுவோம். அப்போது அவர்களுக்கு முழு நம்பிக்கை உண்டாகிவிடும். பிறகு உச்சியினூடாக அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமன் என்று தொடங்கினால், “இதுதான் ஏற்கெனவே தெரியுமே சேர்” என்பர். நியாயமான கேள்வி அது. தெரிந்த ஒன்றை மறுபடி ஏன் நிறுவ வேண்டும்?

மற்றொரு சாரார்க்கு நிறுவல் என்பது பாராயணம். தேவாரம் மனனஞ் செய்வதுபோல் ஏழெட்டுத் தேற்றங்களை மனனஞ் செய்துவருவர். முக்கோணிக்கு ஏ, பி, சி என்று பெயரிருந்தால் மளமளவென்று எழுதுவர். வினாத்தாள் அதனையே பி, கியூ, ஆர் என்று மாற்றிவிட்டால் தடுமாறுவர். தனியார் வகுப்புகளில் இந்தப் பாராயணம் இன்னும் கெட்டியாகின்றது. “இந்த வருடம் வட்ட நாற்பக்கல் வரும், இதைப் பாடமாக்குங்கள்” என்று எதிர்வு கூறுவோரும் உண்டு. எதிர்வு பலித்த ஆண்டில் பிள்ளைக்குப் புள்ளி கிடைக்கும். நிறுவல் இன்னதென்று அறியாமலே அவன் க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தியெய்தி வெளியேறிவிடுவான்.

இது நம் தோட்டப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையென்று எவரும் எண்ணலாகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதினான்கு பதினைந்து வயதுள்ள, கணிதத்தில் முன்னணியில் நின்ற ஏறத்தாழ 2,500 மாணவரை லூலூ ஹீலி, சீலியா ஹொய்ல்ஸ் என்னும் இரு பெண் அறிஞர் ஆராய்ந்தனர். அவ்வாய்வு 2000ஆம் ஆண்டில் விரிவாக வெளிவந்தது. ஒரே கூற்றுக்குப் பலவகை விளக்கங்களை அம்மாணவர்முன் வைத்து இரு வினாக்கள் கேட்டனர். நீ எழுதுவதாயின் இவற்றுள் எதற்கு நெருங்கியதாய் எழுதுவாய்? உன் ஆசிரியர் எதற்கு அதிக புள்ளி இடுவார்? விடைகள் இரண்டும் ஒத்துவரவில்லை. தமக்கென்று தெரிந்தபோது எடுத்துக்காட்டுகளையும் சொற்களால் அமைந்த விளக்கங்களையும் விரும்பினர். ஆசிரியர்க்கென்று தெரிந்தபோது, எழுத்துக் குறிகள் நிறைந்த அட்சரகணித நிறுவலைச் சுட்டினர். தமக்கு விளங்குவது ஒன்று, புள்ளி பெறுவது மற்றொன்று என்பதே அப்பிள்ளைகளின் முடிவு. இஸ்ரவேலில் எப்ராயிம் பிஷ்பைன் என்பவர் 1982இல் கண்டது இதனினும் வியப்பானது. ஒரு நிறுவலைப் படித்து, இது சரி, எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று ஒப்புக்கொண்ட மாணவருள்ளும் பலர், இன்னுஞ் சில எண்களைப் போட்டுப் பார்த்தால் நம்பிக்கை கூடும் என்றனர். ஒப்புக்கொண்ட பின்னும் ஐயம்! எட்டியாந்தோட்டையிலும் இலண்டனிலும் பிள்ளை மனம் ஒன்றுபோலவே நடக்கின்றது.

இனி, தெரிந்ததை மறுபடி ஏன் நிறுவ வேண்டும் என்ற கேள்விக்கு வருகின்றேன். அதற்கு என் வகுப்பிற் கிடைத்த விடை ஒரு கைத்தொலைபேசிச் செய்தியின் வழியாக வந்தது. பைதகரஸ் பிறக்குமுன்பே தமிழன் அவர் தேற்றத்தைக் கண்டுவிட்டான், அதுவும் வர்க்கமூலம் இன்றியே செம்பக்கத்தைக் காண வழி சொல்லிவிட்டான் என்று கூறும் செய்தி அது. நேயர்களுட் பலர்க்கும் அது வந்திருக்கும். போதையனார் என்பவர் பெயரால் வழங்கும் ஒரு பழைய பாட்டு அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றது. பாட்டின் காலம் பற்றியோ ஆசிரியர் பற்றியோ யான் இங்கு வழக்காடப் போவதில்லை. அது சொல்லும் விதி மிக எளியது. செங்கோண முக்கோணியின் நெடிய பக்கத்தை எட்டுக் கூறாக்கி, ஒரு கூற்றைத் தள்ளிவிடு. எஞ்சியதோடு குறும்பக்கத்தின் பாதியைச் சேர். வருவது செம்பக்கம்.

பதினோராந் தரத்து மாணவன் ஒருவன் இதனைப் பெருமிதத்தோடு வகுப்பிற் படித்தான். நான்கும் மூன்றும் போட்டுப் பார்த்தனர். நான்கில் எட்டில் ஏழு பங்கு மூன்றரை, மூன்றிற் பாதி ஒன்றரை, ஆக ஐந்து. சரி. பன்னிரண்டும் ஐந்தும் போட்டனர். பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. அதுவும் சரி. எட்டும் ஆறும் பத்தைத் தந்தன. பன்னிரண்டும் ஒன்பதும் பதினைந்தைத் தந்தன. இருபத்துநான்கும் பத்தும் இருபத்தாறைத் தந்தன. வகுப்பிற் கைதட்டல் எழுந்தது. பாடநூலைப் புரட்டி, பைதகரஸின் தேற்றம் பற்றிய பயிற்சிக் கணக்குகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தனர். தொடர்ந்து ஏழெட்டுக் கணக்குகள் சரியாகவே வந்தன.

அப்போது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எட்டும் பதினைந்தும் உள்ள கணக்கை எடுத்துக்கொண்டாள். செம்பக்கம் பதினேழு என்று பாடநூல் சொல்கின்றது. விதியோ பதினேழும் எட்டில் ஒன்றும் தந்தது. கூட்டற் பிழை என்றனர் சிலர். திரும்பச் செய்தனர்; விடை மாறவில்லை. ஏழும் இருபத்துநான்கும் எடுத்தனர். இருபத்தைந்து வரவேண்டிய இடத்தில் இருபத்துநான்கரை வந்தது. ஒரு விடையில் மிகை, மறு விடையில் குறை. வகுப்பு அமைதியாயிற்று.

எத்தனை கணக்குகள் சரியாக வந்தன, எத்தனை தவறின என்று எண்ணிப் பார்த்துத் தீர்ப்பளிக்க முனைந்தான் ஒருவன். பத்துக்கு எட்டு சரி, ஆகவே விதி பெரும்பாலும் சரி என்றான். தேர்தற் கணக்கு அது! தேற்றத்துக்கு அது உதவாது. ஆனாலும் அவனுடைய கேள்வியுள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருந்தது. இது ஏன் சில இடங்களிற் சரியாக வருகின்றது?

நேயர்களே, கரும்பலகையில்லாத வானொலியில் அட்சரகணிதத்தைச் சொல்வது கடினமே. ஆயினும் இதனைச் சொல்லாமல் விட மனமில்லை. விதி சரியாக வர வேண்டுமாயின், விதி தரும் விடையின் வர்க்கம், இரு பக்கங்களின் வர்க்கங்களது கூட்டுத்தொகைக்குச் சமனாதல் வேண்டும். அதனை எழுதி, பின்னங்களை நீக்கி, ஒழுங்குபடுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு வருகின்றது. பதினோராந் தரத்துப் பிள்ளை காரணிப்படுத்தக்கூடியதே அது. அதற்கு இரு காரணிகள் உண்டு. முதலாவது காரணி, நெடும்பக்கத்தின் மூன்று மடங்கிலிருந்து குறும்பக்கத்தின் நான்கு மடங்கைக் கழித்தது. இரண்டாவது, நெடும்பக்கத்தின் ஐந்து மடங்கிலிருந்து குறும்பக்கத்தின் பன்னிரண்டு மடங்கைக் கழித்தது. இவற்றின் பெருக்கம் பூச்சியமாக வேண்டுமானால், இரண்டில் ஒன்று பூச்சியமாதல் வேண்டும். அதாவது பக்கங்கள் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருத்தல் வேண்டும். அல்லது பன்னிரண்டுக்கு ஐந்து என்ற விகிதத்தில் இருத்தல் வேண்டும். உலகிலுள்ள செங்கோண முக்கோணிகள் அனைத்துள்ளும் இவ்விரு வடிவங்களுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் மட்டுமே இவ்விதி சரியாக நிற்கும். வேறெந்த வடிவத்துக்கும் நில்லாது. நம் பாடநூற் கணக்குகளுட் பெரும்பாலானவை, விடை முழுவெண்ணாக வரவேண்டும் என்பதற்காக, இவ்விரு வடிவங்களிலிருந்தே செய்யப்பட்டவை. அதனாலேயே ஏழெட்டுக் கணக்குகளும் ஒரேமுகமாக ஆமென்று சாட்சி கூறின. சாட்சிகள் பலராயினும் எல்லாரும் இரு வீட்டாரே!

அன்று வகுப்பிலிருந்த பிள்ளைகளுக்கு, அளந்து பார்ப்பதற்கும் நிறுவுவதற்கும் உள்ள வேறுபாட்டை யான் விரிவுரை நிகழ்த்தி விளக்க வேண்டியிருக்கவில்லை. எட்டுச் சான்றுகள் இணைந்து அவர்களை ஏமாற்றின. மூன்று வரி அட்சரகணிதம், ஏமாற்றம் எங்கிருந்து வந்தது என்பதையுங்கூடச் சொல்லிவிட்டது. நிறுவல் ஒரு கூற்றுக்கு முத்திரை குத்துவதோடு நில்லாமல், அதன் எல்லையையும் வரைந்து காட்டும். இது ஹீலி, ஹொய்ல்ஸ் ஆராய்ந்த பிள்ளைகள் வேண்டி நின்ற விளக்கமும் ஆகும். புள்ளி பெறும் நிறுவலும் விளங்கவைக்கும் நிறுவலும் ஒன்றாகுமிடம் இதுபோன்ற இடமே.

செய்தியைக் கொண்டுவந்த மாணவன் முகம் வாடியிருந்தான். தமிழன் தோற்றுவிட்டான் என்று அவனுக்கு வருத்தம். அவனிடம் யான் சொன்னதை இங்குஞ் சொல்கின்றேன். அப்பாட்டைச் செய்தவர் கூரைக்கு மரம் அறுக்கும் தச்சனை நினைத்துச் செய்திருக்கலாம். பக்கங்கள் இரண்டும் சமமாயுள்ள முக்கோணிக்குங்கூட அவ்விதி நூற்றுக்கு மூன்றுக்குட்பட்ட பிழையே தருகின்றது. வர்க்கமூலம் அறியாத ஒருவர் மனக்கணக்காகவே இவ்வளவு நெருங்கிவிடலாமென்றால் அது எளிய காரியமன்று. விதியைத் தேற்றமென்று தூக்கிப் பிடிப்பவர்களே அதற்குத் தீங்கு செய்கின்றனர். நம் கணக்கதிகாரத்திலும் இத்தகைய விதிகள் உண்டு. பலாக்காயை அறுக்காமலே சுளைகளை எண்ண, காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கின்றது அந்நூல். பலாவுக்குக் குறைவில்லாத சப்ரகமுவவில் அதனைச் சோதித்துப் பார்க்கத் தடையேதுமில்லை. ஆனால் அதனை நிறுவுதல் இயலாது. சோதிப்பதற்குரிய உண்மை வேறு. நிறுவுவதற்குரிய உண்மை வேறு. பிள்ளைக்கு இவ்விரண்டையும் ஒரே வாரத்திற் காட்டிவிட்டால் பின்பு குழப்பம் பெரிதும் குறைகின்றது.

சில மாணவர் இராமானுஜனைத் துணைக்கழைப்பர். கும்பகோணத்துப் பிள்ளையாகிய அவர் நிறுவலின்றியே பெரிய உண்மைகளை எழுதிவைக்கவில்லையா என்று கேட்பர். எழுதிவைத்தார் என்பது மெய்யே. சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராயிருந்த அவர், 1913ஆம் ஆண்டு சனவரி 16ஆந் திகதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ஏராளமான முடிவுகள் நிறுவலின்றி இருந்தன. அவற்றுட் பெரும்பாலன உண்மையாயின. எனினும் முதன்மை எண்களைப் பற்றி அவர் கருதியிருந்தது அவர் எண்ணிய அளவுக்கு நுட்பமாக நிற்கவில்லை. அந்தத் துறையே சான்றுகள் ஏமாற்றும் துறை. ஓர் எல்லைக்குட்பட்ட முதன்மை எண்கள் எத்தனை என்பதை மதிப்பிட ஒரு சூத்திரம் உண்டு. எண்ணிப் பார்த்த இடமெல்லாம் அது உண்மைத் தொகையினுஞ் சற்றுக் கூடுதலாகவே காட்டிற்று. எப்போதும் அப்படியே காட்டும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஹார்டியின் நண்பராகிய லிட்டில்வுட் 1914இல், அந்நிலை மாறும், எண்ணிறந்த தடவை மாறும் என்று நிறுவினார். கணினிகள் இவ்வளவு பெருகிய இக்காலத்திலும், முதன்முதலாக மாறுகின்ற அந்த இடத்தை எண்ணிச் சென்று கண்டவர் எவருமிலர். கண்ணாற் காணாததை அவர் நிறுவலாற் கண்டார். இராமானுஜனும் கேம்பிரிட்ஜிற்குச் சென்றபின் ஹார்டியோடு சேர்ந்து நிறுவல் நிறைந்த கட்டுரைகள் எழுதினார் என்பதை மாணவர் மறக்கலாகாது.

நிறுவலில் இரண்டாவது இடர், கூற்றையும் அதன் மறுதலையையும் ஒன்றெனக் கொள்வது. இது அளவீட்டு மயக்கத்தினும் ஆழமானது, மொழியோடு சேர்ந்தது. “சதுரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும்” என்று கற்ற பிள்ளை, செங்குத்தாக வெட்டும் மூலைவிட்டங்களைக் கண்டவுடன் இது சதுரம் என்று எழுதிவிடுகின்றான். சாய்சதுரத்துக்கும் அப்பண்பு உண்டென்பதை அவன் அறிவான். அறிந்தும் எழுதுவான்.

இலக்கியம் படித்தவனாதலால் யான் மணிமேகலையை நாடினேன். அதன் இருபத்தொன்பதாங் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கின்றார். மலையில் நெருப்பு உண்டு, புகை உள்ளதால், அடுக்களை போல. பக்கம், ஏது, திட்டாந்தம் என்பன இவை. நம் பிள்ளைகள் இதனை விரைவிற் பற்றிக்கொள்கின்றனர். லயத்து அடுக்களையில் புகைக்குக் குறைவா? புகை உண்டேல் நெருப்பு உண்டு என்பது ஒருவழிப் பாதை. நெருப்பு உண்டேல் புகை உண்டு என்று திருப்பினால் நில்லாது. கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு, புகையில்லை. நம் முன்னோர் நியாயத்தில் திட்டாந்தம் என்னும் எடுத்துக்காட்டுக்கு முறையான ஓரிடம் இருந்தது. யூக்கிளிட்டோ எடுத்துக்காட்டைச் சான்றாகக் கொள்ளவே மாட்டார். நிறுவலைப் படித்தபின்னும் ஓர் எடுத்துக்காட்டைக் கேட்கும் பிள்ளையின் மனத்தில், இப்பழைய மரபின் நிழல் உள்ளதோ என்று யான் சில வேளை எண்ணுவதுண்டு. இது என் ஊகமே.

மறுதலையைக் கற்பிக்க இன்னும் அண்மையான உதாரணம் தோட்டத்திலேயே கிடைத்தது. “மழை பெய்தால் பால்வெட்டு இல்லை.” இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு இது தேற்றம். மரப்பட்டை நனைந்தால் பால் சிரட்டையில் விழாமற் பரந்து வழிந்துவிடும். இதனைத் திருப்புவோம். “பால்வெட்டு இல்லையேல் மழை பெய்தது.” வகுப்பு முழுவதும் சிரித்தது. தைப்பொங்கலன்று வெட்டு இல்லை. போயா நாளில் இல்லை. மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்விடும் காலத்தில் நிறுத்திவைக்கும் தோட்டங்களும் உண்டு. மறுதலை உடைந்தது. அவ்வளவில் முடிந்ததென்று யான் எண்ணியிருக்கையில் ஒரு மாணவன் எழுந்து, “சேர், முதற் சொன்னதும் பிழை. எங்கள் தோட்டத்தில் மரத்துக்குப் பொலித்தீன் பாவாடை கட்டியிருக்கிறார்கள். தூறல் நாளிலும் அப்பா வெட்டுக்குப் போகிறார்” என்றான். மழையில் நனையாதபடி வெட்டுவாய்க்கு மேலே கட்டும் காப்பையே அவன் குறித்தான். ஒரே ஓர் எதிர்க்காட்டினால் ஒரு பொதுக் கூற்று வீழும் என்பதை யான் இரண்டு வாரங் கழித்துக் கற்பிக்க வைத்திருந்தேன். அவன் அன்றே கற்பித்துவிட்டான். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை என்று கூற்றைத் திருத்தி எழுதினோம். கணித வரலாற்றிலும் தேற்றங்கள் பல இப்படித்தான் செப்பனிடப்பட்டன.

இவற்றால் ஆவது என்ன என்று பெற்றோர் கேட்கின்றனர். கணிதம் சித்தியெய்தாவிடின் மேல் வகுப்புக்கும் உத்தியோகத்துக்கும் பல கதவுகள் அடைபடுகின்றன. நிறுவல் வினாக்களைக் கைவிட்டுவரும் பிள்ளை கையெட்டும் புள்ளிகளை இழக்கின்றான். இது வெளிப்படை. ஆனால் இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் நிறுவைத் தராசின்முன் நிற்பவளுக்கு, இத்தனை கிலோ கழிவு என்று சொல்லப்படுகின்றது. கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு. ஏன் இவ்வளவு என்று கேட்பது நெடுங்காலம் வாய்த்துடுக்கு என்றே கருதப்பட்டது. அந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளை, கணித வகுப்பிலாவது, ஆசிரியர் சொல்வதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதைக் காணட்டும். முக்கோணியின் முன் ஆசிரியனும் மாணவனும் ஒரே நிலத்தில் நிற்கின்றனர். காரணம் எவரிடம் உண்டோ அவரே வென்றார்.

செயன்முறை பற்றிச் சில சொற்கள். தேற்றத்தை முதலில் அறிவித்துவிட்டுப் பின்பு நிறுவலை ஒப்பிப்பது ஆர்வத்தைக் கொல்கின்றது. முதலில் ஐயத்தை எழுப்புதல் வேண்டும். அதற்குப் பொய்த்துவிடும் விதிகளும் வகுப்பில் இடம்பெறுதல் வேண்டும். ஒரு வட்டத்தின் பரிதியில் புள்ளிகளைக் குறித்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று நாண்களால் இணைக்கச் சொல்லுங்கள். மூன்று நாண்கள் உள்ளே ஒரே புள்ளியில் வெட்டாதபடி புள்ளிகளைச் சற்றே ஒழுங்கின்றி வைத்தல் வேண்டும். இரண்டு புள்ளிக்கு வட்டம் இரு பகுதியாகும். மூன்றுக்கு நான்கு, நான்குக்கு எட்டு, ஐந்துக்குப் பதினாறு. ஆறுக்கு எத்தனை என்று கேட்டால் எல்லாரும் முப்பத்திரண்டு என்பர். எண்ணிப் பார்க்கட்டும். முப்பத்தொன்றே வரும். இதற்குக் கணினியும் வேண்டா, ஆய்வுகூடமும் வேண்டா. ஒரு கவராயமும் தாளும் போதும்.

நிறுவலை எழுதுமுன் வாயாற் சொல்லவைத்தல் மற்றொன்று. “ஆகவே” என்று சொல்லும்போதெல்லாம் “எதனால்?” என்று பக்கத்திலிருக்கும் பிள்ளை கேட்க வேண்டும். இருசமபக்க முக்கோணியின் அடிக்கோணங்கள் சமன் என்பதை நிறுவவந்த மாணவி, “இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதனால்” என்றாள். பக்கத்திலிருந்தவள் “எதனால் ஒரே மாதிரி?” என்று விடாமற் கேட்டாள். மூன்றாவது “எதனால்” என்னும் கேள்வியில், உச்சிக்கோணத்தை இருகூறிட ஒரு கோடு தேவை என்பதை அவர்கள் தாமே கண்டனர். அதன்பின் முக்கோணிகள் இரண்டின் ஒருங்கிசைவு தானே வந்தது. இப்படி ஒரு தேற்றத்துக்கு இரு பாடவேளை செல்கின்றது. பாடத்திட்டம் முடியவில்லையே என்று மேற்பார்வையாளர் கடிந்துகொள்வதுண்டு. கடிந்துகொள்ளட்டும். எழுத்துக்களை மாற்றினால் விழுந்துவிடும் எட்டுத் தேற்றங்களினும், எந்த எழுத்திலும் நிற்கும் மூன்று தேற்றங்கள் மேலென்பதே என் கருத்து.

போதையனார் விதிக்கு எதிர்க்காட்டுக் கண்ட மாணவி அதனோடு விட்டுவிடவில்லை. எட்டும் பதினைந்தும் உள்ள முக்கோணிக்கு விதி மிகுத்துச் சொல்கின்றது; ஏழும் இருபத்துநான்கும் உள்ளதற்கும், இருபதும் இருபத்தொன்றும் உள்ளதற்கும் குறைத்துச் சொல்கின்றது. ஆகவே நெடும்பக்கத்துக்கும் குறும்பக்கத்துக்கும் உள்ள விகிதம், நான்குக்கு மூன்று, பன்னிரண்டுக்கு ஐந்து என்னும் இரண்டுக்கும் இடைப்பட்டதாயின் விதி எப்போதும் மிகும், அவற்றுக்கு வெளியேயாயின் எப்போதும் குறையும் என்பது அவள் கூற்று. மூன்று எடுத்துக்காட்டைக் கொண்டு எப்போதும் என்று எழுதிவிட்டாயே என்றேன். சிரித்துக்கொண்டு கொப்பியை வாங்கிச் சென்றாள். முன்பு சொன்ன இரு காரணிகளின் குறிகளை, நேரா மறையா என்று பார்த்தால் வழி திறக்கும். பதினோராந் தரத்திற் பிள்ளையுள்ள நேயர்கள், இன்றிரவு அப்பிள்ளையிடம் இக்கூற்றை எழுதிக் கொடுத்து, அதன்கீழே ‘நிறுவுக’ என்று எழுதிவைக்கலாம்.